தின்னக் கொடுத்த அப்பாக்கள்

சித்தி பையன் ஒருத்தன் இருக்கிறான், பன்னிரண்டாம் வகுப்பு. போன வருடம் ஒருநாள் அவனுடைய வாட்ஸப் ஸ்டேட்டஸில் குண்டு போட்டுத் தரைமட்டமான ஒரு நகரத்தின் படம். நிஜ நகரம், நிஜப் படம். அதன்மேல் எரென் யேகரின் முகத்தை ஒட்டி, பின்னணியில் 'தி ரம்ப்ளிங்' பாட்டைப் போட்டிருந்தான். போன் பண்ணி என்னடா இது என்று கேட்டேன். "அக்கா, வேற வழி இல்லைன்னா என்ன பண்றது? எரெனுக்கும் வேற வழி இல்லல்ல?" என்றான். மாவு தீர்ந்துவிட்டது, இன்றைக்குத் தோசை இல்லை என்கிற மாதிரியான குரலில்.

நான் அவனைத் திட்டவில்லை. திட்டுகிற தகுதி எனக்கு இருந்ததா என்பதே சந்தேகம். 2021-ல் 'அட்டாக் ஆன் டைட்டன்' மாங்கா முடிந்தபோது நானும் அதே கட்சிதான். எரென் சரி என்று ராத்திரி இரண்டு மணி வரை உட்கார்ந்து ஆங்கிலத்தில் சண்டை போட்டவள். எதிர்த்துப் பேசுகிறவன் சோற்றில் உப்புப் போட்டுத் தின்கிறானா என்றுகூடக் கேட்டிருக்கிறேன். அதை எப்படி ஆங்கிலத்தில் கேட்டேன் என்பது வேறு கதை.

இப்போது அந்தக் கட்சியில் இல்லை. அதற்காக எதிர்க்கட்சிக்கும் போய்விடவில்லை. எதிர்க்கட்சி யாரென்றால், இந்தத் தொடரைப் பற்றி எழுதும்போதெல்லாம் 'வெறுப்பின் சுழற்சி' என்று ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுக் கட்டுரையை முடித்துக்கொள்கிறவர்கள். 'வேற வழி இல்ல' என்பதும் 'வெறுப்பின் சுழற்சி' என்பதும் ஒரே சொல்தான் என்று இப்போது தோன்றுகிறது. இரண்டிலும் செய்தவன் பெயர் காணாமல் போய்விடுகிறது. சக்கரம் தானாகச் சுற்றுகிறது, பாதை தானாக அடைபடுகிறது. இசயாமா ஹஜிமேயின் கதையில் எதுவும் தானாக நடக்கவில்லை என்பதுதான் என் கட்சி. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு ஆள் இருக்கிறான், அவன் கையில் ஒரு ஊசி இருக்கிறது. பெரும்பாலும் அவன் யாருக்கோ அப்பா.

(இனி மறைக்க ஒன்றுமில்லை. கதையை இன்னும் பார்க்காதவர்கள் 2013-ல் தொடங்கி 2023-ல் முடிந்த அந்தத் தொடரைப் பார்த்துவிட்டு வாருங்கள், கட்டுரை எங்கேயும் போகாது.)

முதலில் சாப்பாட்டு விஷயம். இந்தக் கதையில் பரம்பரைச் சொத்து எப்படிக் கைமாறுகிறது? உயில் கிடையாது, பத்திரம் கிடையாது. தின்ன வேண்டும். டைட்டன் சக்தி வைத்திருப்பவரின் முதுகுத்தண்டு நீர் அடுத்தவர் வாய்க்குள் போக வேண்டும். வாங்கியவருக்கு அப்போதிருந்து 13 வருடம், அதற்குள் அவரை இன்னொருவர் தின்றாக வேண்டும். இதை நாம் எல்லோரும் ஒரு 'பவர் சிஸ்டம்' என்று நினைத்து விக்கியில் படித்துவிட்டுக் கடந்து போனோம். ஆனால் இந்த வழக்கம் எங்கே தொடங்கியது? முதல் டைட்டனான யமிர் ஒரு அடிமைப் பெண். தன்னை அடிமையாக வைத்திருந்த அரசன் ஃப்ரிட்ஸுக்கு மூன்று பெண் பிள்ளைகள் பெற்றவள். அவனை நோக்கி வந்த ஈட்டியைத் தன் உடம்பில் வாங்கிக்கொண்டு சாகிறாள். அவன் அழவில்லை. சக்தி வீணாகிவிடக்கூடாது என்று அவள் உடம்பை வெட்டி, மூன்று பெண்களையும் தின்ன வைக்கிறான். அவர்கள் பெயர் மரியா, ரோஸ், ஷீனா.

அந்தப் பெயர்களை நாம் தொடக்கத்திலேயே கேட்டுவிட்டோம். மூன்று மதில்களின் பெயர்கள். அம்மாவைத் தின்ன வைக்கப்பட்ட மூன்று பிள்ளைகளின் பெயரை வைத்த சுவருக்குள் மக்கள் நூறு வருடம் பத்திரமாக இருந்தார்கள். எனக்கு இந்தத் தொடரில் மிகப் பயங்கரமான விஷயம் இதுதான். கோலோசல் டைட்டன் மதிலுக்கு மேலே தலையைத் தூக்குகிற காட்சியெல்லாம் இதற்குப் பிறகுதான்.

அடுத்து யேகர் குடும்பம். க்ரிஷா யேகர் மார்லே நாட்டில் லிபெரியோ என்கிற அடைப்பு முகாமில் பிறந்தவன். கையில் பட்டை கட்டிக்கொண்டுதான் வெளியே போக முடியும். சின்ன வயதில் ஆகாயக்கப்பல் பார்க்கத் தங்கை ஃபேயைக் கூட்டிக்கொண்டு எல்லை தாண்டுகிறான். க்ராஸ் என்கிற அதிகாரி அந்தக் குழந்தையை நாய்களுக்குப் போட்டுக் கொல்கிறான். வீட்டுக்கு வந்த அதிகாரிகளிடம் க்ரிஷாவின் அப்பா குனிந்து பேசுகிறார். பிறகு மகனை உட்கார வைத்து, நம் முன்னோர் செய்த பாவம் அப்படி என்று பாடம் எடுக்கிறார். இங்கே க்ரிஷாவின் கோபம் எனக்குப் புரிகிறது. யாருக்குத்தான் புரியாது.

ஆனால் அந்தக் கோபத்தை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்தான்? அரச வம்சத்து டைனாவைக் கல்யாணம் செய்துகொண்டு, பிறந்த மகன் ஸீக்கை இயக்கத்துக்கு எழுதி வைத்தான். அந்த வீட்டில் தாத்தா பாட்டி ஒரு வரலாறு சொல்கிறார்கள், எல்டியர் பாவிகள் என்று. அப்பா அம்மா இன்னொரு வரலாறு சொல்கிறார்கள், எல்டியர் தெய்வங்கள் என்று. நடுவில் ஒரு குழந்தை, பந்து விளையாட ஆளில்லாமல். கடைசியில் அவனோடு பந்து விளையாடியது க்ஸேவர் என்கிற அந்நியர். ஏழு வயதில் ஸீக் பெற்றோரைக் காட்டிக்கொடுத்தான். துரோகி என்று சொல்ல வேண்டுமென்றால் சொல்லிக்கொள்ளுங்கள். மாட்டிக்கொண்டு மொத்தக் குடும்பமும் அழிவதற்குள் தன்னையும் தாத்தா பாட்டியையும் காப்பாற்றிக்கொண்ட ஒரு பையன்தான் எனக்குத் தெரிகிறான்.

க்ரிஷா அதிலிருந்து கற்றுக்கொண்டானா என்றால், பாதி. பாரடிஸ் தீவுக்கு வந்து, கார்லாவை மணந்து, எரென் பிறந்த பிறகு அவன் வேறு அப்பாவாகத்தான் இருந்தான். எரெனை எதற்கும் தயார் செய்யவில்லை. கார்லா இன்னும் ஒரு படி மேல். பிள்ளை பெரிய ஆளாக வேண்டிய அவசியமே இல்லை, பிறந்ததே போதும் என்கிறவள். ஆனால் 845-ஆம் ஆண்டு மதில் உடைந்து கார்லா செத்ததும் க்ரிஷா பழைய ஆளாகிவிட்டான். ரெய்ஸ் குடும்பத்தின் பாதாளக் கோயிலுக்குள் போய் அவர்களுடைய குழந்தைகளை நசுக்கினான். பிறகு சொந்த மகனைக் காட்டுக்குள் இழுத்துப்போய், ஊசி போட்டு, தன்னையே தின்னக் கொடுத்தான். எரெனுக்கு அப்போது பத்து வயது. விழித்தபோது கழுத்தில் ஒரு சாவி, வயிற்றுக்குள் அப்பா.

சரி, இப்போது 'வேற வழி இல்ல'வுக்கு வருவோம். இதை நேர்மையாகப் பேச வேண்டும், ஏனென்றால் அந்த இக்கட்டு பொய்யில்லை. வில்லி டைபர் மேடையேறிப் போர் அறிவித்த பிறகு உலகமே பாரடிஸுக்கு எதிராகத் திரளுகிறது. தீவில் இருப்பவர்கள் சும்மா இருந்தால் சாவார்கள். அப்போது மேசையில் என்னென்ன இருந்தது? ஒன்று, ஐம்பது வருடத் திட்டம். தீவு வளர்கிற வரை ரம்ப்ளிங்கை மிரட்டலாக வைத்துக்கொள்வது. அதற்கு ஹிஸ்டோரியா ஸீக்கைத் தின்ன வேண்டும், 13 வருடத்துக்குள் நிறையப் பிள்ளை பெற வேண்டும், பிறகு அந்தப் பிள்ளைகளில் ஒன்று அவளைத் தின்ன வேண்டும். இன்னொன்று ஸீக்கின் திட்டம். எல்டியருக்கு இனிமேல் குழந்தையே பிறக்காமல் செய்துவிடுவது. மூன்றாவது எரெனுடையது. தீவுக்கு வெளியே இருக்கிற எல்லாவற்றையும் மிதித்துவிடுவது, தொட்டிலோடு சேர்த்து.

எதை எடுத்தாலும் பில் குழந்தைகள் கைக்குத்தான் போகிறது, கவனித்தீர்களா? நம் பிள்ளைகளா, பிறக்கப் போகிற பிள்ளைகளா, ஊரான் பிள்ளைகளா என்பது மட்டும்தான் விவாதம். நாம் பத்து வருடமாக இணையத்தில் உட்கார்ந்து இதில் எது சரி என்று வோட்டுப் போட்டுக்கொண்டிருந்தோம். மேசையை இப்படிப் போட்டது யார் என்று கேட்கவில்லை. அந்த மேசையைப் போட்டவர்கள் எல்லோரும் பெரியவர்கள், அவர்களில் முக்கால்வாசிப் பேர் அதற்குள் செத்துப்போய்விட்டார்கள். பெரியவர்களுக்கு அது ஒரு சௌகரியம்.

எரென் தன் நண்பர்களைக் காப்பாற்றத்தானே செய்தான் என்பார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். அப்படிச் சொல்லும்போது ராம்ஸியை மறந்துவிடுகிறோம். மார்லேயில் திருடி மாட்டிக்கொண்டு அடி வாங்குகிற அகதிப் பையன். எரென் அவனைக் காப்பாற்றுகிறான், பிறகு அவன் முன்னால் அழுது மன்னிப்புக் கேட்கிறான். தான் பின்னால் இவனைக் கொல்லப்போவது அவனுக்குத் தெரியும். அந்தப் பையனுக்கு மொழி புரியவில்லை என்கிற தைரியத்தில் ஓர் உண்மையும் சொல்கிறான்: மதிலுக்கு வெளியே மனிதர்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்தபோது தனக்கு ஏமாற்றமாக இருந்தது. ஆர்மினின் புத்தகத்தில் வெளியுலகம் காலியாக இருந்தது, கடலும் பனியும் மணலும். அது காலியாகவே இருந்திருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டான். பிறகு ராம்ஸியும் அவன் சகோதரன் ஹலீலும் மிதிபட்டுச் சாகிறார்கள். உலக மக்கள்தொகையில் 80 சதவீதம். அதில் எந்தச் சதவீதம் நண்பர்களுக்காக, எந்தச் சதவீதம் அந்த ஏமாற்றத்துக்காக என்று யாராவது கணக்குப் போட்டுச் சொல்லட்டும்.

'எரென் சரி' கட்சிக்கு இன்னொரு தப்பிக்கும் வழி இருக்கிறது, விதி. அட்டாக் டைட்டனுக்குத் தனக்குப் பின்னால் வரப்போகிறவனின் நினைவுகள் தெரியும். எல்லாம் ஏற்கெனவே எழுதிவிட்டது, எரென் வெறும் பொம்மை என்பது வாதம். இதற்கு ஆதாரமாகக் காட்டுவது 79-ஆவது எபிசோடை. நானும் அதைத்தான் காட்டுகிறேன், வேறு காரணத்துக்காக.

ஸீக், எரெனைக் கூட்டிக்கொண்டு அப்பாவின் நினைவுகளுக்குள் நடந்து போகிறான். அப்பா எப்படி உன்னை மூளைச்சலவை செய்தான் பார் என்று காட்டுவதற்காக. ஆனால் அங்கே அப்படி எதுவும் இல்லை. ரெய்ஸ் குழந்தைகள் முன்னால் க்ரிஷாவுக்குக் கை எழவில்லை, மண்டியிட்டுவிடுகிறான், தான் ஒரு மருத்துவன் என்கிறான். அப்போது எதிர்காலத்திலிருந்து வந்த மகன் அப்பாவின் தோளருகே குனிந்து எழுந்திரு என்கிறான். ஃபேயை ஞாபகப்படுத்துகிறான், செத்தவர்களையெல்லாம் ஞாபகப்படுத்துகிறான். க்ரிஷா எழுந்து போய்க் கொல்கிறான். வெளியே வந்து, பெரியவனாகி நிற்கிற ஸீக்கைக் கட்டிப்பிடித்து அழுது, எரெனைத் தடுத்து நிறுத்து என்று கெஞ்சுகிறான்.

இதைப் பார்த்துவிட்டு விதி என்று சொல்வது எனக்குச் சோம்பேறித்தனமாகப் படுகிறது. செத்துப்போன அப்பா ஒரு நிமிடமாவது தயங்கியிருக்கலாம், வருந்தியிருக்கலாம். அந்தத் தயக்கத்தைப் பொறுக்க முடியாமல், இல்லை, நீ செய்தே ஆக வேண்டும், செய்தால்தான் எனக்குக் கதை வரும் என்று தோளருகே நின்று அதட்டுகிற மகன் அவன். பரம்பரை மேலிருந்து கீழே மட்டும் வருவதில்லை. பேரன்கள் தாத்தாக்களைத் திரும்ப எழுதுவார்கள், தங்களுக்கு வேண்டிய மாதிரி.

இந்தத் தொடர் எந்த நாட்டில், எந்தக் காலத்தில் வந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். முதல் சீசன் ஓடிய அதே 2013 டிசம்பரில் பிரதமர் ஷின்சோ அபே யாசுகுனி ஆலயத்துக்குப் போனார். 1978-லிருந்து முதல்தரப் போர்க் குற்றவாளிகள் 14 பேரையும் சேர்த்து வணங்குகிற இடம் அது. அபேயின் தாத்தா நோபுசுகே கிஷி, போர் முடிந்ததும் அதே முதல்தரப் போர்க் குற்றச் சந்தேகத்தின்பேரில் சிறைவைக்கப்பட்டு, விசாரணையே இல்லாமல் வெளியே வந்து, 1957-ல் பிரதமரானவர். 2015-ல், போர் முடிந்த 70-ஆம் ஆண்டு அறிக்கையில் அபே ஒரு விஷயம் சொன்னார். போரோடு சம்பந்தமே இல்லாத பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் காலமெல்லாம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்க விடக்கூடாது என்று. உடனேயே, தலைமுறை தாண்டியும் கடந்த காலத்தை நேராகப் பார்க்க வேண்டும் என்றும் சேர்த்துக்கொண்டார்.

முதல் வாக்கியத்தைத் தனியாக எடுத்தால் நான் ஒப்புக்கொள்வேன். ஏழு வயது ஸீக்கிடமும் பட்டை கட்டிய காபியிடமும் இரண்டாயிரம் வருடப் பாவத்துக்குக் கணக்குக் கேட்பது அயோக்கியத்தனம் என்றுதானே இந்தத் தொடரே சொல்கிறது? ஆனால் அதைச் சொல்கிறவர் யார், எங்கே கும்பிட்டுவிட்டு வந்து சொல்கிறார் என்பது இருக்கிறதல்லவா. பேரனுக்குக் கடன் வேண்டாம், சொத்து மட்டும் வேண்டும். கடனைத் தள்ளுபடி செய்யச் சொல்கிற வாய், தாத்தாவின் பெயரை விட மாட்டேன் என்கிறது. இசயாமா இதையெல்லாம் மனதில் வைத்துத்தான் எழுதினார் என்று நான் சொல்லவில்லை. அவர் சொந்த ஊர் ஓயிடா மாகாணத்தில் மலைகள் சூழ்ந்த ஓயாமா. அங்கே அணைக்கட்டு ஒன்றின் கீழே சின்ன எரென், மிகாசா, ஆர்மின் மூவரும் அண்ணாந்து பார்க்கிற மாதிரி 2020-ல் வெண்கலச் சிலை வைத்திருக்கிறார்கள். தொடரில் மூன்று பிள்ளைகள் அண்ணாந்து பார்த்தபோது மதிலுக்கு மேலே ஒரு முகம் தெரிந்தது. அந்த முகத்துக்குள் இருந்ததும் ஒரு பையன்தான், பெரியவர்கள் அனுப்பிவைத்த பையன்.

சரி, மறுத்தவர்கள் யாராவது உண்டா? இரண்டு பேரைச் சொல்வேன். முதலாமவள் ஹிஸ்டோரியா. அதே பாதாளக் கோயிலில், சங்கிலியில் கட்டிய எரெனைத் தின்னச் சொல்லி அவள் அப்பா ராட் ரெய்ஸ் ஊசியைக் கொடுக்கிறார். குடும்பக் கடமை, உலக நன்மை, இறந்த அக்கா ஃப்ரீடாவின் நினைவு, எல்லாவற்றையும் கொட்டுகிறார். எரெனும் என்னைத் தின்றுவிடு என்கிறான். அப்போது அவள் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்கிறாள்: இவ்வளவு புனிதமான காரியத்தை நீங்களே ஏன் செய்யவில்லை? ராட் ரெய்ஸ் ஒருநாளும் தின்றதில்லை. தம்பியை அனுப்பினார், பிறகு மகளை அனுப்பினார், இப்போது இன்னொரு மகள். ஊசியை உடைத்து, அப்பாவைத் தூக்கித் தரையில் அடிக்கிறாள். (அந்த அடிக்கு நான் இன்றுவரை விசில் அடிப்பேன்.) மனித குலத்துக்கு நான் விரோதியாகவே இருந்துவிட்டுப் போகிறேன் என்பது அவள் நிலை. பின்னால் அதே ஹிஸ்டோரியாவை ஒரு பண்ணை வீட்டில் வயிற்றைத் தள்ளிக்கொண்டு உட்கார வைத்து, வாயை அடைத்துவிட்டார்கள். அதற்கு இசயாமாவை நான் மன்னிக்கவில்லை.

இரண்டாவது ஆள் சாஷாவின் அப்பா. 72-ஆவது எபிசோட். காபிக்குப் பன்னிரண்டு வயது. அவள் ஊருக்குள் புகுந்து எரென் ஆடிய ஆட்டத்தில் தோழி ஸோஃபியா கல் விழுந்து செத்தாள், உதோ கூட்டத்தில் மிதிபட்டான், அவளுக்குத் தெரிந்த காவலர்களைச் சாஷா சுட்டாள். காபி ஆகாயக்கப்பலில் ஏறிச் சாஷாவைச் சுட்டாள். பிறகு தப்பி ஓடி, யார் வீடு என்று தெரியாமல் சாஷாவின் பெற்றோர் வீட்டிலேயே சாப்பிட்டாள், தூங்கினாள். உண்மை தெரிந்ததும் சமையல்காரன் நிக்கோலோ அவளை இழுத்து வந்து அந்தத் தகப்பன் முன்னால் நிறுத்துகிறான். நீங்கள் கொல்கிறீர்களா, நான் கொல்லட்டுமா? பிராஸ் கத்தியைக் கேட்டு வாங்குகிறார்.

அந்த இடத்தில் மன்னிப்பு என்கிற பேச்சே இல்லை. காபியைக் கட்டிப்பிடிக்கவில்லை. அவர் சொன்னதன் சாரம் இவ்வளவுதான். சாஷாவுக்கு வில் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவன் நான், வெளியே அனுப்பியவன் நான். அவள் போய் மற்றவர்களைச் சுட்டாள், அவளை ஒருத்தி சுட்டாள். உலகமும் நாங்கள் வேட்டையாடிய காடு மாதிரிதான். பிள்ளைகளையாவது இந்தக் காட்டிலிருந்து வெளியே விட வேண்டும், அதற்குப் பழைய பாவத்தைப் பெரியவர்கள் சுமக்க வேண்டும். கத்தியைக் கீழே வைத்துவிடுகிறார். மறு நிமிடமே, அவர்கள் வளர்க்கும் காயா இன்னொரு கத்தியோடு காபி மேல் பாய்கிறாள். அவளைப் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கிறது. நல்ல வார்த்தை பேசியதும் எல்லோரும் திருந்திவிடவில்லை.

'சுழற்சி' என்று எழுதுகிறவர்கள் இந்தக் காட்சியைத்தான் மேற்கோள் காட்டுவார்கள், தலைகீழாகப் புரிந்துகொண்டு. அவர் 'நம்மில்' என்று பொதுவில் பேசவில்லை, 'நான்' என்கிறார். க்ரிஷாவால் கடைசிவரை முடியாதது அது. அபேயின் அறிக்கையில் இல்லாததும் அதுதான்.

பிராஸிடம் நாடு இல்லை, கப்பற்படை கிளம்பி வரவில்லை, அவரால் உலகப் போரை நிறுத்தியிருக்க முடியுமா என்று கேட்பீர்கள். முடியாது. அவர் நிறுத்தியது ஒரு கொலையை. ஆனால் பிற்பாடு டைட்டன் வாயிலிருந்து காயாவைக் காப்பாற்றியது காபியின் துப்பாக்கி. ஐம்பது வருடத் திட்டம் போட்டவர்கள் யாரும் இப்படி ஒரு பிள்ளையைக்கூடக் காப்பாற்றவில்லை.

முடிவைப் பற்றி எனக்குள்ள வழக்கையும் சொல்லிவிடுகிறேன். இவ்வளவு தூரம் கொண்டுவந்த இசயாமா, 139-ஆவது அத்தியாயத்தில் சறுக்கினார். யமிர் அந்த அரசனைக் காதலித்தாள் என்றார். டைனா டைட்டனைச் சொந்த அம்மா பக்கம் திருப்பிவிட்டதே எரென்தான் என்றார், பிறகு அதற்குக் காலக்குழப்பத்தைச் சாக்குச் சொன்னார். எல்லாவற்றுக்கும் மேல், எங்களுக்காகக் கொலைகாரனானாயே என்று ஆர்மினை நன்றி சொல்ல வைத்தார். அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு அப்போது நான் அழுதேன் என்பது இப்போது வெட்கமாக இருக்கிறது. 2023 நவம்பரில் வந்த அனிமே முடிவில் அந்த உரையாடலை மாற்றி எழுதினார்கள். இப்போது ஆர்மின் நன்றி சொல்லவில்லை. அந்தப் புத்தகத்தை உன்னிடம் காட்டியவன் நான், இதில் எனக்கும் பங்கு உண்டு, நரகத்தில் சேர்ந்தே இருப்போம் என்கிறான். பிராஸின் 'நான்' ஆர்மின் வாய்க்கு வந்து சேர இரண்டரை வருடம் ஆகியிருக்கிறது. வந்ததே என்று சந்தோஷப்பட்டுக்கொள்கிறேன்.

தம்பிக்கு அன்றைக்கு இவ்வளவையும் சொல்லவில்லை. 72-ஐ மட்டும் இன்னொரு தடவை பாருடா என்று மெசேஜ் போட்டேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது: "அதுல சண்டையே இல்லக்கா, அப்பவே ஸ்கிப் பண்ணிட்டேன்." ஸ்டேட்டஸ் அதற்குள் இருபத்துநாலு மணி நேரம் முடிந்து தானாகப் போய்விட்டிருந்தது. தீபாவளிக்கு வருகிறான். லேப்டாப்பில் போட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்ளலாம் என்றிருக்கிறேன்.